அருவியில் குளிப்போர் அறியாத ஆசாகான்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மலாக்கா மாநிலத்தில் இரண்டு இடங்களில் கூட்டம் அலைமோதும். ஒன்று மலாக்கா நகரம். 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுனோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் அது. போர்த்துகீசியர் விட்டுச் சென்ற கோட்டை வாசல், டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடம், 1781ல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் என்று அங்கே தெருவுக்குத் தெரு வரலாறு இருக்கிறது. மற்றொன்று ஆசாகான். ஜாசின் மாவட்டத்தின் ஓரத்தில், குனோங் லேடாங் மலையடிவாரத்தில், ஆற்றையொட்டி ஒதுங்கிக் கிடக்கும் சின்னஞ்சிறு ஊர். நகரத்திலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.

நகரத்துக்குப் போகிறவர்கள் வரலாறு பார்க்கப் போகிறார்கள். ஆசாகானுக்குப் போகிறவர்கள் குளிக்கப் போகிறார்கள். காலையில் வேனில் பாயும் பாத்திரமுமாகப் புறப்படுவார்கள். புளிச்சோறும் நாசி லெமாக்கும் பொட்டலமாகக் கட்டிக்கொள்வார்கள். பாறைகளில் விழுந்து ஓடும் நீரில் பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். ஒரு காலத்தில் லாரி டயரின் ரப்பர் டியூப்பில் காற்றடித்து அதில் பிள்ளைகளை மிதக்கவிட்ட பெற்றோரும் உண்டு. மாலை ஆனதும் ஈரத்துணியைப் பிழிந்து மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார்கள்.

அந்த ரப்பர் டியூப்பின் கதை, அருவியிலிருந்து சிறிது தூரத்தில் தொடங்கியது என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்? மலாயாவில் ரப்பர் பெரிய அளவில் பயிரான முதல் தோட்டங்களில் ஒன்று அந்த ஊரின் பெயரைத் தாங்கிய புக்கிட் ஆசாகான் தோட்டம். இந்நாட்டில் பல தலைமுறைத் தமிழர்களுக்குச் சோறு போட்டதும், அவர்களுடைய உயிரை எடுத்ததும் அந்தப் பயிர்தான்.

மலாய் மொழியில் 'ஆசா' என்றால் தீட்டுவது, கூராக்குவது. 'ஆசாகான்' என்றால் தீட்டுகிற கல். நம் ஊரில் சாணைக்கல் என்போமே, அது. கத்திகள் நிறைய தீட்டப்பட்ட ஊருக்கு இது பொருத்தமான பெயர்தான்.

இளவரசி கேட்ட சீர்

லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். சிகரம் ஜொகூர் மாநிலத்துக்குள் இருந்தாலும், மேற்கு அடிவாரம் மலாக்காவைத் தொட்டு நிற்கிறது. இம்மலையைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தது ஓர் இளவரசியின் கதை. 2004ல் வெளிவந்த 'புத்ரி குனோங் லேடாங்' திரைப்படம் அதை இன்றைய தலைமுறைக்கும் கொண்டு சேர்த்தது.

'செஜாரா மெலாயு' என்னும் பழைய மலாய் வரலாற்று நூலில் அந்தக் கதை இருக்கிறது. மலாக்கா சுல்தான் மஹ்மூட் ஷா லேடாங் மலை இளவரசியை மணக்க விரும்பித் தூது அனுப்புகிறார். தூது போனவர்களில் துன் மாமாட் என்பவர் மலை ஏறி மேலே போய்ச் சேருகிறார். அங்கே இளவரசியின் தோழியரின் தலைவியான டாங் ராயா ராணி என்ற மூதாட்டி, இளவரசி கேட்கும் சீர்வரிசையை அடுக்குகிறாள். மலாக்காவிலிருந்து மலைவரை ஒரு தங்கப் பாலம், ஒரு வெள்ளிப் பாலம். ஏழு தட்டுக் கொசு ஈரல், ஏழு தட்டுப் பேன்போன்ற நுண்ணுயிர்களின் ஈரல். ஒரு தாழி இளம்பாக்குச் சாறு, ஒரு தாழிக் கண்ணீர். கடைசியாக, சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவர் மகனின் இரத்தம் ஒரு கிண்ணம்.

மற்ற எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், இரத்தம் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை என்று சுல்தான் பின்வாங்கிவிட்டதாகக் கதை முடிகிறது. இதைக் காதல் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இரத்தம் தர முடியாது என்ற சுல்தான், கண்ணீர் தர முடியாது என்று சொல்லவில்லையே! ஒரு தாழிக் கண்ணீர் யாருடைய கண்ணிலிருந்து வந்திருக்கும்? ஏழு தட்டுக் கொசு ஈரலை யார் பிடித்துச் சேர்த்திருப்பார்கள்? ஆட்சியில் இருப்பவர் ஆசைப்படும்போது செலவு யார் தலையில் விழும் என்பதை அந்த மூதாட்டி அப்போதே சொல்லிவிட்டாள். அதே மலையடிவாரத்தில் பல நூறு ஆண்டுகளுக்குப் பின் அது வேறு வடிவில் நடந்தது.

ஓடையோரம் தங்கிய அறிஞர்

ஆசாகானுக்கு இன்று போகும் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு முன்னோடி உண்டு. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர். டார்வினைப் போலவே, தனியாகச் சிந்தித்து, இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையைக் கண்டறிந்தவர். 1854ல் அவர் மலாக்காவில் ஏறத்தாழ இரண்டு மாதம் தங்கினார். பூச்சி பிடிப்பதும் பறவை சேகரிப்பதும் அவர் வேலை.

ஆயர் பானாஸ் வெந்நீர் ஊற்றுப் பக்கத்திலிருந்து ஆறு மலாய்க்காரர்களை மூட்டை தூக்க அமர்த்திக்கொண்டு அவர் லேடாங் மலைக்குப் புறப்பட்டார். ஐரோப்பியர் அம்மலையை ஒஃபீர் மலை என்று அழைத்தார்கள். முழங்கால் அளவு சேறு, வழியெல்லாம் அட்டை. அடிவாரத்தை அடைந்ததும், பாறைக்கரைகளில் பன்னம் அடர்ந்த ஓர் ஓடையின் அருகில் முகாமிட்டார். மறுநாள் மலை ஏறும்போது தண்ணீர் கிடைக்காமல், குடுவை வடிவில் இலை கொண்ட கெண்டிச்செடியில் தேங்கியிருந்த நீரைக் குடித்துத் தாகம் தணித்ததாகத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். 1869ல் வெளிவந்த அந்நூலின் பெயர் 'மலாய்த் தீவுக்கூட்டம்'.

மலாக்காவில் அவரைக் காய்ச்சலும் பிடித்தது. நாள்தோறும் கொய்னா மருந்தை விழுங்கித்தான் எழுந்தார். காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் அதைக் கண்டுபிடித்தது 1897ல்தான். வாலஸ் பார்த்தது அடர்ந்த காடு. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அந்தக் காட்டைக் கோடரி வந்து சேர்ந்தது.

மரவள்ளிக்கிடையே முளைத்த பால்மரம்

அன்றைய மலாக்காவின் பெரும்பயிர் மரவள்ளி. சீன முதலாளிகள் காட்டை அழித்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் மரவள்ளி நட்டார்கள். கிழங்கு மாவும் சவ்வரிசியும் ஏற்றுமதியாயின. மரவள்ளி மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும். சில ஆண்டுகளில் நிலம் லாலாங் புல் காடாகிவிடும். பிறகு வேறு காட்டை அழிக்க வேண்டும்.

அதே காலத்தில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த எச்.என். ரிட்லி, ஒரு புதுப் பயிரைத் தூக்கிக்கொண்டு தோட்ட முதலாளிகளிடம் அலைந்துகொண்டிருந்தார். 1876ல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் 1877ல் சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கொல்லாமல், பட்டையை மெல்லச் சீவி, திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். ஆனால் முதலாளிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவின் டான் சே யான். சிங்கப்பூரில் மருத்துவமனைக்குப் பெயர் தந்த டான் டோக் செங்கின் பேரன். 1896ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் அவர் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிபத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் என்று அது போற்றப்படுகிறது. அதில் கிடைத்த துணிவோடு, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அவர் கால்வைத்த அடுத்த இடம்தான் புக்கிட் ஆசாகான். இம்முறை 40 ஏக்கர் இல்லை, 3,000 ஏக்கர். மரவள்ளிக்கு இடையே ரப்பர் கன்றுகள் நடப்பட்டன.

கன்று வளரவும் காலம் கனியவும் சரியாக இருந்தது. உலகில் மோட்டார் வண்டி பெருகியது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910ல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. இலண்டன் பணம் மலாயாவுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. புக்கிட் ஆசாகானும் இலண்டன் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. டான் சே யான் 1916ல் காலமானார். சிங்கப்பூரில் ஒரு தெருவும், உலகப் புகழ்பெற்ற ஓர் ஆர்க்கிட் மலரும் அவர் பெயரை இன்றும் சொல்கின்றன. அந்தப் பெருமை அவருக்குத் தகும். ஆனால் மரம் நட்டால் மட்டும் பால் வந்துவிடாது. விடியுமுன் எழுந்து கத்தியும் வாளியும் தூக்க ஆள் வேண்டும். அந்த ஆள்கள் யார்?

தெளிந்த நீரின் மறுபக்கம்

வெள்ளைக்காரத் துரைகளின் தோட்டங்களில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டது. முதலில் சஞ்சிக்கூலி முறை. அது 1910ல் முடிவுக்கு வந்தது. பிறகு கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், உறவையும் ஊராரையும் அழைத்து வருவார். 1907ல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள், இங்கே தனிமைப்படுத்தும் முகாமில் நாள் கழித்து, லாரியிலும் மாட்டு வண்டியிலும் மலையடிவாரத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அரைக்காணி நிலமும் இல்லாதவர்கள், பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள், சாதிக்கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள் என்று பலர்.

வந்தவர்களை வரவேற்றது கொசு. இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். கொசு என்றால் சாக்கடை, தேங்கிய நீர் என்றுதான் நினைக்கிறோம். மலாயாவின் மலையடிவாரங்களில் மலேரியாவைப் பரப்பிய 'அனோபிலிஸ் மாக்குலாத்துஸ்' என்னும் கொசு அப்படிப்பட்டதன்று. வெயில் படும், தெளிந்த, மெல்ல ஓடும் ஓடை நீரில்தான் அது முட்டையிடும். அடர்ந்த காடாக இருந்தவரை ஓடைகள் நிழலில் மறைந்திருந்தன. ரப்பருக்காகக் காட்டை அழித்ததும் ஓடைமேல் வெயில் விழுந்தது, கொசு பெருகியது, காய்ச்சல் லயத்துக்குள் புகுந்தது. இதைக் கண்டறிந்தவர் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன்.

அவருடைய ஆய்வுக்களமான கூட்டு மலாய் மாநிலங்களில், ஓராண்டில் ஆயிரம் தொழிலாளர்களில் 200 பேருக்கு மேல் மாண்ட தோட்டங்கள் கூட அக்காலத்தில் இருந்தன. ஓடைகளை நிலத்தடிக் குழாய்க்குள் இறக்கியும், எண்ணெய் தெளித்தும், கொய்னா கொடுத்தும்தான் சாவு குறைந்தது. இன்று உல்லாசப் பயணிகள் மெய்ம்மறந்து இறங்கும் அதே வகைத் தெளிந்த மலையோடைதான், ஒரு நூற்றாண்டுக்கு முன் தோட்டத்துத் தாய்மாருக்கு எமனாக இருந்தது. ஏழு தட்டுக் கொசு ஈரலும் ஒரு தாழிக் கண்ணீரும் கேட்ட மலைக்கு, அவற்றை மெய்யாகவே கொண்டுவந்து கொட்டியவர்கள் அந்தத் தாய்மார்கள்.

பெரட்டுக் களத்திலிருந்து சயாம் வரை

தோட்டத்து வாழ்க்கையை அறிந்த மூத்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. இருட்டோடு பெரட்டு. மண்டோரும் கிராணியும் பெயர் கூப்பிட, நிரை பிரித்துக்கொண்டு பால் வெட்டு. மங்கில் பால் நிறைந்ததும் வாளியில் ஊற்றி, காண்டா போட்டு ஸ்டோருக்குச் சுமப்பது. கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில். மாலையில் கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில்.

கூலி எவ்வளவு? 1920களின் இறுதியில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது நிர்ணயக் கூலி. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அது 40, 32 என்று இறங்கி, மேலும் சரிந்தது. ரப்பர் விலை விழுந்தால் கூலி குறையும். ஆள் வேண்டாமென்றால் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 1930களின் தொடக்கத்தில் அப்படி அனுப்பப்பட்ட இந்தியர்கள் இலட்சத்துக்கும் மேல். 1938ல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. அதன்பின் இருந்தவர்கள் இங்கேயே வேர்விட வேண்டியதாயிற்று.

வேர்விடுமுன் போர் வந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் மலாக்காவைப் பிடித்தார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி இல்லை, மீண்டும் மரவள்ளிதான் சோறு. சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்க மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. தமிழர் லயங்களில், தாத்தா எப்போது இறந்தார் என்று கேட்டால் 'சயாமுக்குப் போனார்' என்பதே பதிலாக இருந்த வீடுகள் ஏராளம். போர் முடிந்ததும் 1948 முதல் 1960 வரை அவசரகாலம், முள்வேலிக்குள் வாழ்க்கை.

நடந்தே புறப்பட்டவர்கள்

1956 பிப்ரவரி 20ஆம் நாள் மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான், சுதந்திர நாளைப் பொதுமக்கள் முன்னிலையில் அறிவித்தார். அந்தக் காட்சி ஒவ்வொரு பாடநூலிலும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அதே மாநிலத்தில் நடந்த இன்னொரு நிகழ்வு பாடநூலில் இடம்பெறவில்லை.

1967ல் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர்கள் நிர்வாகத்தோடு மோதினார்கள். வேலைநிறுத்தம் நடந்தது. உள்ளூரில் தீர்வு கிடைக்காத நிலையில், அவர்கள் தங்கள் முறையீட்டோடு கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். இன்றைய சாலையில் அது 150 கிலோமீட்டருக்கு மேல். சொந்த வண்டி கிடையாது. செய்தித்தாளில் பக்கம் பக்கமாக எழுத ஆளும் கிடையாது. கால்கள் மட்டும் இருந்தன. தினமும் நிரையில் மைல் கணக்கில் நடந்து பழகிய கால்கள்.

அந்தக் காலத்தில் தொழிற்சங்கம் ஒன்றாக இல்லை. 1954ல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒருபுறம். இடதுசாரிச் சார்புடைய சங்கம் மறுபுறம். யார் வழி சரி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கலாம். அது வேறு விவாதம். ஆனால் துரையின் வண்டி வந்தால் ஓரமாக இறங்கித் தலைகுனிந்து நிற்கப் பழக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், தலைநகரத்துக்கு நேராக நடந்துபோய் நியாயம் கேட்கலாம் என்று முடிவு செய்தார்களே, அது சாதாரணமா? ஒரு சமுதாயம் தன்னைக் குடிமக்களாக உணரத் தொடங்கியதன் அடையாளம் அது.

அடுத்த அடி விரைவிலேயே விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று 1968ல் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. இந்த மண்ணிலேயே பிறந்தும், பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ எடுக்காமல் விட்டதால் தவித்தவர்களும் அவர்களில் உண்டு.

பாலம் கட்டியவர்கள் எங்கே?

1980களின் இறுதிவரை இயற்கை ரப்பரில் உலகின் முதலிடம் மலேசியாவுக்கு இருந்தது. அதன்பின் செம்பனை வந்தது. பால்மரம் சாய்ந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். வேண்டிய ஆளும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். லயங்கள் காலியாயின. பிள்ளைகள் மலாக்கா நகரத்துக்கும் ஜொகூர்பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஜாசின் மாவட்டத்துச் சாலையில் போகிறவர்களுக்கு இருபுறமும் தெரிவது செம்பனைதான். கோயில் திருவிழாவின்போது மட்டும் பழைய தோட்டங்களுக்கு உயிர் வருகிறது.

இளவரசி கேட்ட தங்கப் பாலம் கட்டப்படவே இல்லை என்று கதை சொல்கிறது. கதையில் வராத பாலம் ஒன்று கட்டப்பட்டது. லேடாங் மலையடிவாரத்திலிருந்து இலண்டன் சந்தைவரை நீண்ட ரப்பர்ப் பாலம். அதில் பொன் போனது. அதைக் கட்டியவர்களின் பெயர் எந்தத் தெருவிலும் இல்லை. எந்த மலரிலும் இல்லை.

இதற்கு அரசாங்கம் என்ன செய்யப்போகிறது என்று கேட்பது நியாயம். அருவிக்குப் போகும் வழியில், இம்மண்ணில் ரப்பர் வளர்ந்த கதையையும் தொழிலாளர் நடந்த கதையையும் சொல்லும் ஒரு பலகை வைப்பது பெரிய செலவன்று. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது வீட்டுக்குள் இருக்கிறது. 1967ல் 20 வயதில் இருந்தவருக்கு இன்று 80 நெருங்குகிறது. அவர் இன்னும் பத்தாண்டு காத்திருப்பாரா? இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. பாட்டனாரை உட்காரவைத்து, எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கங்காணியோடு வந்தோம், எந்தப் பிரிவில் வேலை பார்த்தோம், சயாமுக்குப் போனவர் யார், நடைப்பயணத்தில் நடந்தவர் யார் என்று ஐந்து கேள்வி கேட்டுப் பதிவு செய்ய அரைமணி நேரம் போதும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை விடுமுறைப் பயிற்சியாகவே கொடுக்கலாம். தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தினர் திருவிழா மலரில் இரண்டு பக்கம் ஒதுக்கலாம்.

அடுத்த விடுமுறையில் ஆசாகானுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். அருவிப் பகுதி திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும். மலைமேல் மேகம் கறுத்தால், கீழே வெயில் அடித்தாலும், பிள்ளைகளைக் கரையேற்றிவிடட்டும். காட்டாற்று நீர் சொல்லிக்கொண்டு வராது. போகும்போது வேனில் ஓர் இடத்தை மட்டும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒதுக்கட்டும். வழியில் வரும் பழைய தோட்டங்களின் பெயரைப் பார்த்தால் அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள். அப்போது பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.